குறைக்க ஒன்றுமில்லாத வீடு

இயற்கையைக் காப்பாற்றுவதற்காகப் பதுளையில் ஓர் அதிகாரசபை இருக்கிறது. ஊவா பசுமை வாழ்வியல் மேம்பாட்டு அதிகாரசபை என்பது அதன் முழுப்பெயர். மூன்று மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி வழியாக வெயில் அடிப்பதால் தடித்த திரை போட்டிருக்கிறார்கள். திரை போட்டதால் உள்ளே இருட்டு, ஆகவே பகலிலும் விளக்கு. சன்னல்களைத் திறக்க முடியாதபடி கட்டிவிட்டதால் ஏசி. ஏசி கொஞ்சம் கூடுதலாகவே குளிரூட்டுவதால் உத்தியோகத்தர்களுக்கு அரசாங்கச் செலவில் கம்பளிச் சட்டை. வெளியூர்க்காரர்கள் பதுளைக் காற்றுக்காகவே பஸ் பிடித்து வருகிறார்கள் என்பதைக் கட்டடம் கட்டியவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்த அதிகாரசபைக்கும் வள்ளியம்மைக்கும் எப்படித் தொடர்பு ஏற்பட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன். இதில் நான் யாரையும் குறை சொல்லப் போவதில்லை. குறைப்பது அதிகாரசபையின் வேலை.

வள்ளியம்மை நமுனுகுல மலைப்பக்கம் ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். கணவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறான். தீபாவளிக்குத் தீபாவளி வந்து போவான். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில் அவளும் மகள் விதுர்ஷாவும் மட்டும். அந்தக் காம்பராவின் தகரக் கூரை வள்ளியம்மை பிறப்பதற்கு முன்பே போட்டது. மழை வந்தால் ஒழுகும் என்று சொல்வது அதைக் கௌரவப்படுத்துவதாகும். மழை வெளியே பெய்வதைவிட உள்ளே கொஞ்சம் பெரிய துளியாகப் பெய்யும். சட்டி, வாளி, பேசின் எல்லாவற்றையும் வைத்த பிறகு மிஞ்சுவது சுவரோரமாக ஒரு பாய் அகலம்கூட இல்லாத இடம். மழை நாட்களில் விதுர்ஷா அந்த இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாள். பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் பள்ளிக்கூடம் போகும். வள்ளியம்மை தோட்ட ஆபீஸில் தகரம் கேட்டிருந்தாள். லயம் யாருடையது என்று கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் பேச்சு நடப்பதாகவும், முடிந்ததும் சொல்வதாகவும் பதில் வந்தது. விதுர்ஷா பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது வந்த பதில் அது.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எல்லாரும் கூடி நின்ற நேரத்தில், அதிகாரசபையிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து இறங்கினார். இந்திரஜித் என்று பெயர். இளவயது, நல்ல மனுசன், கம்பளிச் சட்டை போட்டிருந்தார்.

"உங்க ஒவ்வொருத்தருக்கும் பசுமை அட்டை கிடைக்கணும்கிறதுதான் எங்கட இலட்சியம்," என்றார்.

கூட்டம் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தது.

தோட்டத்தில் அட்டை என்றால் ஒன்றுதான். ஈரத்தில் கிடந்து, காலில் ஏறி, இரத்தம் குடித்து, உருண்டு விழுவது. மற்ற அட்டைகளும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றை ஐடென்டி என்றும் காட் என்றும் சொல்லிப் பழகிவிட்டார்கள். எனவே மலையில் ஏற்கெனவே இருக்கிற கறுப்பு அட்டை போதாதென்று அரசாங்கம் பச்சையில் ஒரு சாதி கொண்டுவந்திருப்பதாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்துக் காம்பரா அழகையாதான் முதலில் வாயைத் திறந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர், கத்தியைவிட நாக்கு கூர்மை.

"வலிக்குங்களா சேர்?"

இந்திரஜித் சிரித்தார். "ஒரு வலியும் இல்லைங்க. ஒருதடவை எடுத்துட்டா அஞ்சு வருஷத்துக்கு உங்ககூடவே இருக்கும்."

"அஞ்சு வருஷமா!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ஆமாங்க. எங்க போனாலும் உடம்போட வச்சிருக்கணும்."

"சவுக்காரம் போட்டா விழுந்திரும்ங்களா?"

"இல்லை, இல்லை. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. நல்ல தடிச்ச பிளாஸ்டிக் உறை போட்டிருக்கோம்."

கங்காணி அவரைத் தள்ளி அழைத்துப்போய்க் காதில் ஏதோ சொன்னார். திரும்பி வந்தபோது இந்திரஜித்தின் முகம் சிவந்திருந்தது. அது காகித அட்டை என்றும், சுற்றுச்சூழலுக்கு இணங்க வாழ்கிற குடும்பத்துக்குக் கொடுப்பது என்றும், அதை வைத்திருப்பவர்களுக்குப் பசுமைக் கூரைத் திட்டத்தின் கீழ் வீட்டுக்குப் புதுத் தகரம் தரப்படும் என்றும் விளக்கினார்.

கடைசிச் சொல் காதில் விழுந்ததும் வள்ளியம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தகரம் கிடைப்பதானால் கடிக்கிற அட்டையாக இருந்தாலும் அவள் கையை நீட்டியிருப்பாள்.

அடுத்த வாரம் ஒருநாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, போகவிட்டுப் பதுளைக்குப் போனாள். மலையிலிருந்து சந்தி வரை நடை, சந்தியிலிருந்து பஸ். மூன்றாம் மாடியில் இந்திரஜித்தின் மேசை. கதிரையில் உட்கார்ந்ததும் அவளுக்கு நடுக்கம் எடுத்தது. பயத்தினால் என்று அவர் நினைத்தார். குளிரினால்.

"பயப்படாதீங்கம்மா, சின்னச் சின்னக் கேள்விதான். வீட்டுல எத்தனை ஏசி?"

"இல்லைங்க."

"வாகனம்?"

"இல்லைங்க."

"பிரிஜ், வாஷிங் மெஷின், சுடுதண்ணி மெஷின்?"

"ஒரு பல்பு இருக்குங்க. இன்னொண்ணு போனவாரம் பீஸாயிருச்சு."

"வருஷத்துக்கு எத்தனை தடவை விமானத்துல போறீங்க?"

வள்ளியம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கிண்டல் செய்கிற முகமாகத் தெரியவில்லை. "நாத்தனார் மக கல்யாணத்துக்கு ஹல்துமுல்லைக்குப் போனேங்க. பஸ்சுல. வரும்போது லொறியில வந்தோம்."

"இறைச்சி?"

"தீவாளிக்கு."

"பிளாஸ்டிக்?"

"கடையில குடுக்கிற பேக்கைக் கழுவிக் காயப்போட்டு வச்சுக்குவேன். கிழிஞ்சா அதுல கறிவேப்பிலைக் கன்னு நட்டுருவேன்."

இந்திரஜித் எல்லாவற்றையும் கணினியில் அடித்தார். கடைசியாக ஒரு விசையைத் தட்டினார். திரை சிவப்பானது. மறுபடி தட்டினார். மறுபடியும் சிவப்பு. ஏதோ கெட்ட செய்தி சொல்லப் போகிற வைத்தியரைப் போல மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, உங்க அளவு பூச்சியத்துல நிக்குது."

"அது நல்லதுங்களா?"

"மனுசனுக்கு நல்லதுதான். திட்டத்துக்கு நல்லதில்லை. இந்தப் பசுமை அட்டை குறைக்கிறவங்களுக்குத்தான். நூறு பாவிச்ச ஆள் எண்பது பாவிச்சா இருபது குறைப்பு. உங்ககிட்ட குறைக்க ஒண்ணுமே இல்லை. பூச்சியத்துல இருந்து எப்படிக் குறைக்கிறது? கணினியே ஒத்துக்குதில்ல."

"நான்தான் ஒண்ணுமே பாவிக்கலைங்களே."

"அதுதாம்மா பிரச்சினை. பாவிக்காம இருக்கிறதுல என்ன தியாகம் இருக்கு? நான் போன வருஷம் வரைக்கும் வீட்டுல மூணு ஏசி வச்சிருந்தேன். இந்த வருஷம் ரெண்டாக்கிட்டேன். ஒரு ரூமுல இப்ப வேர்வையோட படுக்கிறோம். அது இயற்கைக்காக நான் படுற கஷ்டம். நீங்க இயற்கைக்காக என்ன கஷ்டப்பட்டிருக்கீங்க?"

வள்ளியம்மை யோசித்துப் பார்த்தாள். இயற்கையால் கஷ்டப்பட்டிருக்கிறாள், இயற்கைக்காகப் பட்டதாக ஞாபகம் இல்லை.

எழுந்து போகப் பார்த்தவளை இந்திரஜித் நிறுத்தினார். நல்ல மனுசன் என்று முதலிலேயே சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு வழி இருக்கு," என்றார். "முதல்ல கூட்டுங்க. ஏதாவது பெரிய சாமானா ஒண்ணு வீட்டுக்குக் கொண்டுவாங்க. கொஞ்ச நாள் கழிச்சு நாங்க வந்து பார்ப்போம். அதை அடிப்படை அளவுன்னு பதிவோம். அப்புறம் நீங்க அதைக் குறைங்க. அட்டை கைக்கு வந்துரும்."

"பிறகு தகரமும் வருங்களா?"

"அட்டைக்குப் பின்னாலயே வரும்."

வள்ளியம்மை நேரே கடைத்தெருவுக்குப் போனாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கஜேந்திரன் முதலாளியின் பலசரக்குக் கடை. அப்பா காலத்திலிருந்து தோட்டத்து ஆட்களுக்குச் சாமான் கொடுக்கிறவர்கள். கடைக்குப் பின்னால் சோடா வைத்திருந்த பழைய பிரிஜ் ஒன்று, நெஞ்சுயரத்துக்கு, சும்மா கிடந்தது. விஷயத்தைக் கேட்ட முதலாளி கணக்குக் கொப்பியை மூடி வைத்தார்.

"அப்ப, பிரிஜ் இல்லாததால நீ இயற்கைக்கு விரோதி. அப்படித்தானே?"

"அப்படித்தான் சொல்றாங்க முதலாளி."

"கொண்டுபோ தாயே. அது குளிராது, ஆனா சத்தம் போடும். எனக்கும் பின்னால இடம் காலியாகும்."

தோட்டத்துக்கு உரம் ஏற்றிப்போன லொறியில் பிரிஜ் ஏறியது. லொறி போகாத பாதையில் அழகையாவும் இன்னும் மூன்று பேரும் கம்பு கொடுத்துத் தேர் தூக்குவதுபோல் தூக்கிவந்தார்கள். கரண்ட் கொடுத்ததும் லயம் முழுக்க பல்புகள் மெழுகுதிரி அளவுக்கு மங்கின. பக்கத்துக் காம்பராக்களில் கூச்சல் எழுந்தது. வள்ளியம்மை உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். ஆனால் அந்தப் பெட்டியின் கதவு இறுக்கமாக மூடும். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. விதுர்ஷா தன் புத்தகங்களையும் வெள்ளை யூனிபோமையும் கொண்டுவந்து உள்ளே அடுக்கினாள். முட்டை வைக்கிற குழிகளில் பேனாவும் பென்சிலும் அளவாகப் பொருந்தின.

பரிசோதனைக் குழு வந்தது. மூன்று ஜீப். மேட்டில் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் பண்ணுவது தொல்லை என்று சாரதிகள் என்ஜினை ஓடவிட்டபடியே வைத்திருந்தார்கள். தலைமை தாங்கி வந்தவர் பிரதிப் பணிப்பாளர் ஜெயந்தினி. தூயகாற்றின் அருமை பற்றி வானொலியில் வாராவாரம் பேசுகிறவர். ஜீப் புகையில் இருமிக்கொண்டே இறங்கினார்.

முதலில் அடுப்பைப் பார்த்தார். கவ்வாத்து வெட்டியபின் கிடக்கும் மிலாற்றுக் குச்சிகள் எரிந்துகொண்டிருந்தன.

"விறகா? புகை வளிமண்டலத்தைப் பாதிக்கும் என்று தெரியாதா உங்களுக்கு?"

"தெரியுங்க மிஸ், எனக்கே கண்ணு எரியும். காஸ் சிலிண்டரை மலைக்கு ஏத்திவர ஓட்டோக்காரன் கேக்கிறதுல நாங்க ஒரு வாரம் சாப்பிட்டுருவோம்."

"ஓட்டோவில் ஏன் ஏற்ற வேண்டும்? அதுவும் புகைதானே. சூரிய சக்தி அடுப்புக்குப் போங்கள்."

இந்த மலையில் ஒக்டோபர் பிறந்தால் தை மாதம்வரை சூரியன் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். வள்ளியம்மை தகரத்தை நினைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

அடுத்தது பிரிஜ். ஜெயந்தினி கதவைத் திறந்தார். விஞ்ஞானம், வரலாறு, சமயம், கணிதம் வரிசையாக இருந்தன.

"இதில் குளிர் இல்லையே!"

"ஓடவிட்டா லயத்துல லைட் எரியாதுங்க மிஸ்."

"ஓடாத பெட்டியை எப்படி அம்மா நிறுத்திக் குறைப்பீர்கள்? இது சுற்றுச்சூழலுக்கு எந்தக் கேடும் செய்யாத நிலையில் இருக்கிறது. இதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?" என்றவர் இந்திரஜித் பக்கம் திரும்பி, "இவர்களுக்குச் சரியாக விளக்கவில்லையா?" என்று கடிந்துகொண்டார்.

கடைசியாகக் குப்பை. தரம்பிரித்துப் போடுவதற்காக அதிகாரசபை மூன்று நிறத்தில் பிளாஸ்டிக் தொட்டிகளை ஏற்கெனவே அனுப்பியிருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனிப் பொலித்தீனில் சுற்றி வந்தது. வள்ளியம்மை அவற்றைக் கழுவி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் அடுக்கி வைத்திருந்தாள். மூன்றும் காலி. தோல், சக்கை எல்லாம் ஆட்டுக்குப் போகிறது, பால்மா டின்னில் ரோசா வளர்கிறது, பழைய பேப்பர் அடுப்பு மூட்ட ஆகிறது. தொட்டியில் போட வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை.

ஜெயந்தினிக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "குப்பையே இல்லாத வீட்டில் தரம்பிரித்தல் எப்படி நடக்கும்? அறிக்கையில் நான் எதைக் காட்டுவது? மக்கள் ஒத்துழைக்காவிட்டால் எங்களால் தனியாகப் பூமியைக் காப்பாற்ற முடியாது!"

நேரம் பகல் ஒன்றைத் தாண்டியதால் குழு இஸ்தோப்பிலேயே சாப்பிட உட்கார்ந்தது. ஆளுக்கொரு பார்சல், லஞ்ச் ஷீட்டில் கட்டி, அதற்கு மேல் ஒரு பேக். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், ஒரு யோகட் கப், ஒரு பிளாஸ்டிக் கரண்டி. சாப்பிட்டு முடித்ததும் மூன்று தொட்டிகளும் வாய்வரை நிறைந்துவிட்டன. ஜெயந்தினியின் முகம் மலர்ந்தது. வள்ளியம்மையைத் தொட்டிகளுக்கு நடுவில் நிறுத்தி, தலையில் கொழுந்துக் கூடையையும் மாட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள். தன் குப்பையைத் தானே தரம்பிரிக்கும் தோட்டத்துப் பெண் என்று அந்தப் படம் பிறகு பல இடங்களில் வந்தது.

ஜீப்புகள் போனபின் அழகையா வந்து தொட்டிகளை எட்டிப் பார்த்தார்.

"இத என்னா பண்றது வள்ளி? குப்பை லொறி இந்தப் பக்கம் வாறதே இல்லையே."

"அவங்களே அடுத்த தடவை வந்து கொண்டுபோவாங்களாம்."

"வருவாங்க, வருவாங்க. இன்னொரு சாப்பாட்டுப் பார்சலோட வருவாங்க."

ஒக்டோபர் கடைசியில் மழை தொடங்கிய நேரம், வள்ளியம்மைக்கு அழைப்பு வந்தது. பதுளையில் பெரிய மண்டபத்தில் பசுமை அட்டை வழங்கும் விழா. அவள் கட்டாயம் வர வேண்டும், கூடையோடு வர வேண்டும். தகரம் வந்துவிட்டது என்று நினைத்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல சேலை கட்டி, மழையில் நனையாமல் கூடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். தகரத்தை ஏற்றிவர லொறிக்காரனிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

மேடைக்குப் பின்னால் சுவர் அளவுக்கு ஒரு பிளெக்ஸ் பதாகை. அதிகாரசபைத் தலைவரின் சிரித்த முகம் அதில் ஏறக்குறைய முழுவதையும் அடைத்திருந்தது. ஒரு மூலையில், அவர் காதுக்குக் கீழே, கூடையும் தொட்டியுமாக வள்ளியம்மை. மேலே, "பிளாஸ்டிக் இல்லாத ஊவா, எங்கள் கனா."

தலைவர் பேச எழுந்தார். ஏசிச் சத்தத்தில் கேட்காதவர்களுக்காக ஒலிபெருக்கியைக் கூட்டினார்கள்.

"நண்பர்களே, இயற்கைக்காக நான் இழந்தவற்றை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. என் வீட்டில் நான்கு வாகனங்கள் இருந்தன. ஒன்றை மகனுக்குக் கொடுத்தேன். இன்று மூன்று! நூற்றுக்கு இருபத்தைந்து வீதக் குறைப்பு. மகன் தனியே வசிப்பதால் அந்த வாகனம் என் கணக்கில் சேராது என்று நமது சட்டப்பிரிவு தெளிவுபடுத்தியிருக்கிறது. போன வருடம் காலநிலை மாநாடுகளுக்காக ஆறு நாடுகளுக்குப் பறந்தேன். இந்த வருடம் ஐந்துதான். போகாமல் விட்ட அந்த ஒரு நாட்டை நினைத்து இன்றும் என் மனைவி வருந்துகிறாள். தியாகம் என்பது மேலிருந்து வர வேண்டும். கீழே இருப்பவர்களிடம் தியாகம் செய்ய என்ன இருக்கிறது?"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

முதலாவது பசுமை அட்டை, மாகாணத்திலேயே அதிகம் குறைத்தவருக்கு. அது தலைவர். அட்டைகளை வழங்க நியமிக்கப்பட்டவரும் தலைவரே என்பதால், இடது கையால் எடுத்து வலது கையில் கொடுத்து, இரண்டு கைகளாலும் தனக்கே வணக்கம் சொன்னார். பசுமைக் கூரைத் திட்டத்தின் முதற்கட்டத் தகரம், மூன்று வாகனங்களும் மழையில் நனைந்து துருப்பிடித்து மண்ணை மாசுபடுத்தாமல் இருப்பதற்காக, அவருடைய வாகனக் கொட்டகைக்கு ஒதுக்கப்பட்டதாக ஜெயந்தினி அறிவித்தார்.

வள்ளியம்மைக்குக் காது அடைத்துப்போயிற்று. தன் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்பதே பக்கத்தில் இருந்தவர் தட்டிச் சொல்லித்தான் தெரிந்தது. மேடையேறினாள். பங்குபற்றியதற்காக ஒரு மரக்கன்று, கறுப்புப் பொலித்தீன் பையில், மேலே மினுமினுப்புத் தாள் சுற்றி. கீழே வந்து தாளைப் பிரித்துப் பார்த்தாள். தேயிலைக் கன்று.

பதினெட்டு வயதில் இருந்து தேயிலைக்குள் நிற்கிறவளுக்குத் தேயிலைக் கன்று. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மண்டபத்துக்குப் பின்பக்கம் போய் நின்றாள். லொறிக்காரனுக்கு என்ன சொல்வது, விதுர்ஷாவுக்கு என்ன சொல்வது?

அங்கே இரண்டு காவலாளிகள் பிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு வந்து போட்டார்கள். ஒருவன் தீப்பெட்டியைத் தேடினான்.

"என்னா தம்பி பண்ணப் போறீங்க?"

"எரிக்கச் சொல்லி ஓடர். தலைவர்ட முகம் குப்பையில கிடக்கக் கூடாதாம்."

வள்ளியம்மை குனிந்து பிளெக்ஸைத் தொட்டுப் பார்த்தாள். தடிப்பு. விளிம்பில் கயிறு கோக்க இரும்பு வளையம்கூட வைத்திருந்தார்கள். மேலே விழுந்த மழைத்துளிகள் உருண்டு ஓடின.

"நான் கொண்டுபோறேங்க. குப்பையில போட மாட்டேன். தலைக்கு மேல வச்சுக்குவேன்."

அவள் சொன்னது அப்படியே உண்மை. காவலாளிகளுக்கும் மழையில் நெருப்புக்குச்சி பற்றவில்லை, எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். தேயிலைக் கன்றை அங்கேயே சுவரோரம் வைத்தாள். கூடைக்குள் அடங்காத பிளெக்ஸ் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

கூரைக்கு மேலே ஏற முடியாது, துருத் தகரம் ஆளைத் தாங்காது. அழகையா உள்ளே ஏணி வைத்து, கூரைக்குக் கீழே பிளெக்ஸை விரித்து, நான்கு மூலைக் கயிற்றையும் மரச் சலாகைகளில் கட்டிக்கொடுத்தார். இஸ்தோப்புப் பக்கம் கொஞ்சம் சாய்வு. விழுகிற தண்ணீர் வழிந்து வெளியே வாளிக்குப் போகும். அவசரத்துக்குப் பார்க்காமல் கட்டியதில் படம் கீழ்ப்பக்கமாகிவிட்டது. தலைவர் காம்பரா முழுவதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கழுத்து வலிக்காதா இந்த மனுசனுக்கு, இப்படிக் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருக்காரே," என்றார் அழகையா.

அன்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. விதுர்ஷா பாயை நடுவீட்டில் போட்டு, கையைக் காலை நீட்டி, பொழுது விடிகிறவரை தூங்கினாள். வள்ளியம்மைக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. தலைவரைப் பார்த்துக்கூட அவளுக்குக் கோபம் வரவில்லை.

நவம்பரில் ஒருநாள் மாலை இந்திரஜித் வந்து சேர்ந்தார். தொட்டிகளைத் திருப்பி எடுத்துப்போக வந்தவர், மழைக்கு ஒதுங்கி உள்ளே நுழைந்தார். தலையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தவர் தலைவரைக் கண்டதும் பழக்கதோஷத்தில் நேராக நின்றார். பிறகுதான் அது என்னவென்று புரிந்தது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

"அம்மா! பிளாஸ்டிக்!"

"தெரியாம எடுத்துட்டு வரலைங்க, கேட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்," என்றாள் வள்ளியம்மை பயந்துபோய்.

"அதைச் சொல்லலை. இத்தனை சதுர அடி பிளாஸ்டிக்! நீங்க இப்ப பூச்சியம் இல்லை! உங்களுக்கு அடிப்படை அளவு வந்துட்டுது!" கதிரையை நடுவீட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து கடதாசிகளை எடுத்து மடியில் வைத்தார். "இப்ப இதைக் கழட்டுங்க. நூற்றுக்கு நூறு வீதக் குறைப்பு. தலைவரே இருபத்தஞ்சுதான். நீங்க அவரையே மிஞ்சிட்டீங்க!"

"கழட்டினா தகரம் வருங்களா?"

"கட்டாயம் வரும். அடுத்த நிதியாண்டுல இரண்டாங்கட்டம்."

"அதுவரைக்கும் இது இருக்கட்டுமே. தகரம் வந்த அன்னைக்கே கழட்டிர்றேன். எம் புள்ள இப்பத்தான்யா படுத்துத் தூங்குது."

இந்திரஜித் வருத்தத்தோடு தலையசைத்தார். உண்மையாகவே வருந்தினார். "முதல்ல குறைப்பு, பிறகுதான் கூரை. அதுதான் சட்டம். நான் கண்டுட்டேன், இனிக் காணாத மாதிரி இருக்க ஏலாது. கழட்டலைன்னா, தடை செய்த பொருளைப் பாவிக்கிறதா நான் உங்க மேல எழுத வேண்டி வரும். இன்னைக்கே, என் கண் முன்னால கழட்டணும்."

வள்ளியம்மை மகளைப் பார்த்தாள். விதுர்ஷா விரித்திருந்த கொப்பியை மூடி, பிரிஜ்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். அப்புறம் எழுந்து சுவரோரமாகப் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதைப் பார்த்ததும் வள்ளியம்மைக்கு வந்த கோபம் அவள் வாழ்நாளில் வராத கோபம். ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"இப்பவே கழட்டணும்ங்களா?"

"இப்பவே."

"நீங்க எழுந்திரிக்க வேணாம். அப்படியே இருங்க."

இரண்டு நாள் மழை. கூரையிலிருந்து விழுந்ததில் வழிந்தது போக மிச்சமெல்லாம் பிளெக்ஸின் நடுவில் தேங்கியிருந்தது. தலைவரின் இரண்டு கன்னங்களும் உப்பிப்போய், சிரிப்பு கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. வள்ளியம்மை பலகைக் கட்டையில் ஏறி நின்று, சுவர்ப்பக்கத்து மூலைக் கயிற்றின் முடிச்சை மெல்ல அவிழ்த்தாள். அந்த மூலை கதிரைக்கு மேலே சரிந்து இறங்கியது.

தலைவர் வாயிலிருந்து முதலில் ஒரு ஓடை. பிறகு மூக்கு, கன்னம், நெற்றி, எல்லாம் ஒரே நேரத்தில். துருவும் தண்ணீரும் பழைய இலைச் சருகுமாகக் கதிரையில் இருந்தவர் தலையில் இறங்கியது. கம்பளிச் சட்டை குடித்த தண்ணீரே ஒரு வாளி இருக்கும். தேங்கியது தீர்ந்தபின்னும் நிற்கவில்லை. இனிக் கூரையின் முறை. அவர் கதிரையை இழுத்துக்கொண்டு கதவுப்பக்கம் போனார், அங்கே ஒழுகியது. அடுப்புப் பக்கம் போனார், அங்கேயும் ஒழுகியது. வெளியே போகலாமென்றால் அங்கேயும் மழைதான். ஒழுகாத ஒரே இடத்தில் விதுர்ஷா உட்கார்ந்திருந்தாள். அவள் நகரவில்லை.

"கட்டுங்கம்மா!" என்று கத்தினார் இந்திரஜித், தலைக்கு மேல் கையைக் குடைபோல் வைத்துக்கொண்டு. "திருப்பிக் கட்டுங்க! சீக்கிரம்!"

வள்ளியம்மை கயிற்றைக் கையில் பிடித்தபடியே கட்டைமேல் நின்றாள்.

"கட்டிர்றேன் சேர். எழுத்துல குடுங்க."

"என்னது?"

"இந்த வீட்டுல இது இருக்கலாம்னு எழுதி, சீல் வச்சுக் குடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லைங்க. நாங்க நனைஞ்சு பழகினவங்க."

அவர் தலைவரைப் பார்த்தார். ஒரு மூலை அவிழ்ந்ததில் தலைவர் முகம் கோணிக்கொண்டு தொங்கியது. கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் கழுத்துக்குள் இன்னும் நாலு சொட்டு இறங்கியது. பையைத் துழாவிப் பேனாவை எடுத்தார். விதுர்ஷா பிரிஜ்ஜைத் திறந்து, உள்ளே காய்ந்திருந்த கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள். மேற்படி வீட்டில் மேற்படி பிளாஸ்டிக்கைத் தகரம் வரும்வரை பாவிக்கலாம் என்று, பெட்டிக்குள் தலையையும் கையையும் நுழைத்துக்கொண்டு, மை கரையாமல் எழுதி, சீலும் குத்தினார்.

விதுர்ஷா அதை ஒரு வரி விடாமல் சத்தமாக வாசித்து முடித்த பிறகுதான் வள்ளியம்மை முடிச்சைப் போட்டாள்.